நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல்

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்கு புடாபெஸ்ட் போகிறாள். லாங்குவேஜ், கிராமர், வவல் போன்ற ஆங்கிலச் சொற்களுக்கான ஹங்கேரியச் சொற்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. வழி உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மனப்பாடம் வேண்டாம் அம்மா, பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஞெல்வ்’ என்றால் நாக்கு, மொழியும் அதுவே. (எழுத்தில் என், ஒய் சேர்ந்து வந்தால் நம் ‘ஞ’ ஒலிதான்.) முன்னால் ‘அஞ’, அதாவது அம்மா, சேர்ந்தால் தாய்மொழி. பின்னால் ‘தன்’, அதாவது இயல், சேர்ந்தால் இலக்கணம். ‘ஸோ’ சொல், ‘தார்’ களஞ்சியம், ‘ஸோதார்’ அகராதி.

எனக்கு மிகப் பிடித்தவை இரண்டு. வவலுக்கு ‘மகான்ஹங்ஸோ’, தனித்து ஒலிப்பது. கான்சனன்டுக்கு ‘மாஷ்ஷல்ஹங்ஸோ’, இன்னொன்றோடு சேர்ந்து ஒலிப்பது. இதைப் பிரித்துப் பார்த்த இரவே என் நோட்டில் பக்கத்தில் உயிர், மெய் என்று எழுதிக்கொண்டேன். உயிர் சேராமல் மெய் இயங்காது என்று நாம் படித்ததுதானே!

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மொழிச் சீர்திருத்தத்தில், எழுத்தாளர் ஃபெரென்ட்ஸ் கசின்ட்ஸி முன்னின்று நடத்த, ஆயிரக்கணக்கான சொற்களைச் சொந்த வேர்களிலிருந்தே ஆக்கிக்கொண்டவர்கள் ஹங்கேரியர்கள். அதனால்தான் பிரித்தால் பொருள் தெரிகிறது.

வினைச்சொல்லுக்கு ‘இகெ’. தேவாலயத்தில் அதே சொல் காதில் விழுந்தால், அங்கே அது இறைவார்த்தை.