விழுந்துவிடுவார் என்று அம்மாவை உட்கார்த்தியே வைக்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டில் என்னுடன் இருக்கிறார். மூன்று மாதங்களில் இரண்டு முறை, ஒரு நாள் இரவு 2 மணிக்கும் இன்னொரு நாள் விடியற்காலை 4 மணிக்கும், கொல்லைப்புறக் கழிவறைக்குப் போக எழுந்தபோது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இரண்டாவது முறை நெற்றி புடைத்தது, அவ்வளவுதான். அம்மா இனி எழுந்து நடக்கவே கூடாது என்று பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் ஒரு பணிப்பெண்ணை அமர்த்திவிட்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அந்தப் பெண்தான். இந்த மூன்று வாரங்களில் அம்மா முன்பைவிடத் தளர்ந்துவிட்டார். நாற்காலியிலிருந்து எழவே கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 6.2 சதவீதம். மாத்திரைச் சீட்டை இணைத்திருக்கிறேன். அண்ணன் சொல்வது சரியா? நான் பள்ளி ஆசிரியை. பகலில் வீட்டில் இருக்க முடியாது.

பதில்: உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று கடந்துபோன நெற்றிப் புடைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குத் தலையில் அடிபட்டால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து தேங்கி, அதன் அறிகுறிகள் சில வாரங்கள் கழித்தே வெளியில் தெரிவது உண்டு. தலைவலி இல்லாமலும் இருக்கலாம்; வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தடுமாற்றம், ‘கொஞ்ச நாளாகவே தளர்ந்துவிட்டார்’ என்று வீட்டார் சொல்லும் அளவுக்கான சோர்வு ஆகியவையே அதன் அடையாளங்களாக இருக்கலாம். நீங்கள் அனுப்பிய சீட்டின்படி உங்கள் தாயார் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார் என்பதால் இந்த வாரமே, தள்ளிப்போடாமல், மருத்துவரிடம் காட்டித் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வாந்தி, ஒரு பக்கம் கை கால் வலுக்குறைவு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஸ்கேன் சரியாக இருந்தால், மேலே படியுங்கள்.

இரண்டு முறையும் அவர் விழுந்தது படுக்கையிலிருந்து எழுந்த சில நிமிடங்களில். இது தற்செயல் அல்ல. படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. இளம் வயதில் இரத்தக் குழாய்கள் நொடியில் சுருங்கி அழுத்தத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. முதுமையில், அதுவும் நீண்ட காலச் சர்க்கரை நோயில், அந்தச் சுருக்கம் தாமதமாகிறது. அதோடு இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும், சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரையும், தூக்கத்துக்கு எட்டு ஆண்டுகளாக அல்பிரஸோலாமும் சேர்ந்தால், தலை சுற்றி விழுவது வியப்பல்ல. நீங்கள் அனுப்பிய சீட்டில் அந்த நீர் மாத்திரை இரவு உணவுக்குப் பின் என்று எழுதப்பட்டிருக்கிறது. இரவு 2 மணிக்கு அவரைக் கழிவறைக்கு எழுப்புவது பெரும்பாலும் அந்த மாத்திரைதான். எழுந்தவரை நிதானமிழக்கச் செய்வது தூக்க மாத்திரை.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மேற்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி போதும். காலையில் எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் படுத்தபடி இருக்கச் செய்து அளவு பாருங்கள். பிறகு எழுந்து நிற்க வைத்து, நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டபடி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். மூன்று நாள் அளவுகளைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொண்டு போங்கள். உட்கார வைத்து மட்டுமே அழுத்தம் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்பிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் அதிகம். ஆகையால் அந்தத் தாளை நீங்களே எடுத்து நீட்டுவது நல்லது. நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றவோ நிறுத்தவோ மருத்துவர் முடிவு செய்வார். அல்பிரஸோலாமை மட்டும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பதற்றமும் தூக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும் கூட வரும்.

சர்க்கரை 6.2 என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது பாராட்டத் தக்க அளவு. பல நோய்களோடு தளர்ந்திருக்கும் 78 வயதுக்காரர், சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிட்டு அந்த அளவில் இருந்தால் எனக்குக் கவலைதான். இவர்களுக்கு 8-க்குள் இருந்தாலே போதும் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. இரவில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அந்த மாத்திரையையும் போட்டுக்கொள்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு அதிகம். இரண்டு, மூன்று இரவுகள் 3 மணிக்கு எழுந்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளே மருந்தை மாற்றச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, பாதம் மரத்துப் போய் நடை தடுமாறலாம். அந்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். கண்புரையையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

இனி, வீடு. உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கூடத்தைத் தாண்டி, முற்றத்தை ஒட்டி நடந்து, படி இறங்கிக் கொல்லைக்குப் போவதற்குள் முதியவர் ஒருவர் எத்தனை இடத்தில் தடுக்கி விழலாம் என்பதை, நீங்களே ஒரு நாள் இரவில் விளக்குப் போடாமல் நடந்து பார்த்தால் அறிவீர்கள். இரவுக்கு மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வைப்பதே இருப்பதில் பாதுகாப்பான வழி. ‘படுக்கிற அறையிலா?’ என்று அவர் முகம் சுளிப்பார். அந்தத் தலைமுறைக்கு அது மிக ஆழமான கூச்சம், அதைக் கேலி செய்யவோ அதட்டவோ கூடாது. அடுத்த அறையில் வைத்து, திரை போட்டு, விடிந்ததும் எடுத்துக் கழுவிவிடுவதாகச் சொல்லுங்கள். பலர் அதற்குச் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பகலில் போகும் கழிவறையில், சுவரில் துளையிட்டு இறுக்கிய எஃகுக் கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டு எழ முயன்று, கம்பியும் கையுமாகத் தரையில் கிடந்த ஒரு பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், ஏனென்றால் உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவைத் திறக்க விடாது. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, குதிகாலில் பட்டை உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

எழும் முறையையும் அவருக்குப் பழக்குங்கள். விழிப்பு வந்ததும் படுத்தபடியே பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து, கட்டில் விளிம்பில் கால் தரையில் படும்படி இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். தலை சுற்றவில்லை என்றால் மட்டும் எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி நின்று, அதன் பிறகு அடி எடுத்து வைக்க வேண்டும். கந்த சஷ்டி கவசம் சொல்பவராக இருந்தால், விளிம்பில் உட்கார்ந்து முதல் சில வரிகளைச் சொல்லி முடித்துவிட்டு எழச் சொல்லுங்கள். கடிகாரம் பார்ப்பதைவிட அது எளிதாகப் பழகும்.

உங்கள் அண்ணனின் கவலை எனக்குப் புரிகிறது. தொலைவில் இருப்பவருக்கு அச்சம் அதிகம். ஆனால் அவர் செய்த ஏற்பாடு, விழுவதைத் தடுப்பதற்குப் பதிலாக விழும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் பயன்படுத்தாத தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். கரைந்ததை மீட்கப் பல வாரங்கள் ஆகும். தலை ஸ்கேன் சரியாக இருந்தால், நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலைக்கு அவர் வந்ததற்கு இந்த மூன்று வார உட்காரலே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

பணிப்பெண்ணை நிறுத்த வேண்டாம். அவர் வேலையை மாற்றுங்கள். வாளியில் வெந்நீர் நிரப்பி, கால் வழுக்காத நாற்காலி போட்டு, கைக்கெட்டும் இடத்தில் சோப்பையும் துண்டையும் வைத்துவிட்டு அவர் அருகில் நிற்கட்டும். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வது உங்கள் தாயாராக இருக்கட்டும். முதுகு தேய்ப்பது போன்ற, கை எட்டாத வேலைக்கு மட்டும் அந்தப் பெண் கை கொடுக்கலாம். தட்டில் பிசைந்து சாப்பிடுவதும், கீரை ஆய்வதும், பூ கட்டுவதும் அவர் கைக்கே திரும்பி வர வேண்டும். அரை மணி நேரம் ஆனால் ஆகட்டும்.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் கையை ஊன்றி எழட்டும், பிறகு கையின் உதவியைக் குறைத்துக்கொண்டே வரலாம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் வசதி உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். ஊன்றுகோலின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். இடது முழங்கால் வலித்தால் கோல் வலது கையில். உணவில் ரசம் சாதமும் கஞ்சியும் போதாது. 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை இவற்றில் ஒன்றாவது தட்டில் இருக்கட்டும்.

இவையெல்லாம் பள்ளிக்கூட வேலையோடு உங்கள் ஒருவர் தலையில் விழக் கூடாது. நடக்கக் கூடாது என்று தொலைபேசியில் சொல்வதை விட்டுவிட்டு, மாத்திரைகள் மாறும் முதல் பத்து நாட்களுக்கு உங்கள் அண்ணன் ஊருக்கு வந்து, இரவில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். விடியற்காலை 3 மணிச் சர்க்கரையையும், நிற்க வைத்து எடுக்கும் இரத்த அழுத்தத்தையும் அவரே எழுதி வைத்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன பேச வேண்டும் என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.