றப்பர் இரையில் குமிழியும் மஞ்சளும்

உப்புவெளித் தம்பி, தூண்டிலில் இரையாக மாட்டும் பழைய றப்பர் மீன்களை (பெயர்தான் றப்பர், உண்மையில் மென்மையான பிவிசி பிளாஸ்டிக்) உருக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் வாலெல்லாம் குமிழி, நிறமும் மஞ்சள் என்று கேட்டிருந்தீர்கள். குமிழிக்குப் பெரும்பாலும் அச்சில் நிற்கும் ஈரம்தான் காரணம். திருகோணமலைக் கடற்காற்றில், அதுவும் மாரியில், பிளாஸ்டர் லேசில் காயாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தபின், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை உள்ளே மெல்லிசாக இரண்டு மூன்று தரம் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் ஊற்றும்போது அவசரப்படாமல், நூல்போல் ஒரே பக்கத்தால்.

மஞ்சள், சூடு கூடியதால். 175 பாகை செல்சியஸ் அளவு போதும். வெப்பமானி இல்லாமல் இந்த வேலை சரிவராது. கருகினால் ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சுப் புகை வரும். ஆகவே குசினி வேண்டாம், சமையல் சட்டியும் வேண்டாம். மஞ்சளானதை வீசாதீர்கள், கறுப்புச் சாயம் கலந்து ஊற்றுங்கள். பாரை மீன் குறை சொல்லாது.