ஹோல்டர் மாட்டச் சொல்லிவிட்டார்கள், பணம் யார் கொடுப்பார்?
(தஞ்சாவூரில் மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் பணிபுரிபவர், டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்)

மன்னார்குடி வாசகி: அப்பாவுக்கு அடிக்கடி படபடப்பு, ஒருமுறை மயக்கம். ஏழு நாள் ஹோல்டர் (இதயத் துடிப்பை விடாமல் பதியும் சிறு கருவி) மாட்ட வேண்டுமாம். "ஒரு நாள் அட்மிட் ஆனால் காப்பீட்டில் வாங்கிவிடலாம்" என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?

செய்யாதீர்கள் அம்மா. பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்று பாலிசியில் தெளிவாகவே இருக்கும். விதிவிலக்கு எண் 04, எடுத்துப் பாருங்கள். கிளைம் திரும்பி வரும், அறை வாடகையும் உங்கள் தலையில் விழும். புறநோயாளியாகவே மாட்டிக்கொள்ளட்டும். புறநோயாளிச் செலவுக்குப் பாலிசியில் இடமில்லாவிட்டாலும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பதிவில் துடிப்பு இடையிடையே நிற்பது தெரிந்து, துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைக்கச் சேர்த்தால், 'சேர்வதற்கு முந்தைய செலவு' என்று இதே பில்லைக் கேட்கலாம். பல பாலிசிகளில் அதற்கு 30 நாள்தான் கணக்கு, சிலவற்றில் 60. மருத்துவர் சீட்டில் படபடப்பு, மயக்கம் என்ற காரணம் இருக்க வேண்டும். வெறுமனே 'ஹோல்டர்' என்று கிறுக்கியிருந்தால் கையோடு கேட்டு எழுதி வாங்குங்கள். மெஷினில் வரும் வழுவழுப்பான ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே நகல் எடுங்கள்.

திருவாரூர் வாசகர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா?

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆனால் திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சை, பரிசோதனைகளுக்கு மட்டும். மாட்டுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட அறையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

ஒரத்தநாடு விவசாயி: நடவு நேரம். மாட்டிக்கொண்டு வயலில் இறங்கலாமா?

வேண்டாம் ஐயா. வியர்வையில் ஒட்டு கழன்றால் அந்த நேரத்துக்குப் பதிவே இராது. மறுபடி மாட்டினால் மறுபடியும் பணம். நடவை ஆள் வைத்து முடியுங்கள், அல்லது மாட்டும் தேதியைத் தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படபடப்பு வரும்போதெல்லாம் மணியைக் குறித்து வையுங்கள்.

காரைக்கால் வாசகர்: கிளைமை நிராகரித்துவிட்டார்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காரைக்காலும் அவர் எல்லைதான். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டைத் தாண்டவிடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் சலிப்பில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

கும்பகோணம் வாசகி: அமெரிக்காவில் மகளுக்கு இதயத் துடிப்பைப் பதியும் பட்டையை 14 நாள் ஒட்டினார்கள். ஒரே கருவிக்குப் பில்லில் நான்கு வரி!

அங்கே 2021 முதல் இதற்குப் பில்லில் போடத் தனிக் குறியீட்டு எண்கள். 7 நாளுக்கு மேல் 15 நாள் வரை என்றால் 93245 முழுத் தொகுப்பு. 93246 ஒட்டிப் பதிவது, 93247 பதிவை அலசி அறிக்கை தருவது, 93248 மருத்துவர் படித்துச் சொல்வது. பிந்தைய மூன்றும் தனித்தனியே வந்தால் சரி. அவற்றோடு 93245-உம் சேர்ந்து வந்திருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கேட்கிறார்கள். உங்கள் பில்லில் நான்கு வரி என்கிறீர்கள். இந்த எண்களைச் சொல்லி, விவரப் பட்டியல் வாங்கித் திருத்தக் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை மகள் பணம் கட்ட வேண்டாம்.