பி.எஸ்சி கெமிஸ்ட்ரிக்குப் பிறகு பாலிமர் படிக்கலாமா: சிவகாசியிலிருந்து கேட்ட ஒரு அப்பாவுக்கு

சார், வணக்கம். மகள் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருடம். கல்லூரியில் யாரோ வந்து பாலிமர் சயின்ஸ் (பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பொருட்களைப் பற்றிய படிப்பு) பற்றிப் பேசிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் அதே பேச்சாக இருக்கிறாள், நீங்கள் எம்.எஸ்சி, பி.எட். முடித்து டீச்சர் வேலை என்று மனதில் வைத்திருக்கிறீர்கள், இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர் "பிளாஸ்டிக்கையே தடை பண்ணிட்டாங்க, அதைப் போய் யாராவது படிப்பாங்களா" என்று கிளப்பிவிட்டார். இதுதானே விஷயம்?

சொந்தக்காரரை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறிகிற 14 வகைப் பொருட்களை. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல், அதுவும் அந்த மாதிரிப் பொருட்களுக்குத்தான். பிவிசி பைப், சொட்டுநீர்க் குழாய், ஒயர் மேலே இருக்கிற உறை, ஆஸ்பத்திரியில் தொங்குகிற குளுக்கோஸ் பை, கார் பம்பர், டயர், பெயின்ட், ஃபெவிகால் எதையும் யாரும் தடை செய்யவில்லை. நீங்கள் அச்சகம் நடத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அட்டைக்கு மேலே ஒட்டுகிற லேமினேஷன் ரோல் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், மையைத் தாளோடு பிடித்து வைக்கிற ரெசினும் பாலிமர்தான். சொல்லப்போனால் தடையும் மறுசுழற்சி விதிகளும் வந்தபிறகு இந்தப் படிப்புக்கு வேலை கூடியிருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கை ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அதன் மூலக்கூறுச் சங்கிலி கொஞ்சம் அறுபடும், வலு குறையும், நிறம் மங்கும். அதை எப்படிச் சரிக்கட்டுவது, புதுசோடு எவ்வளவு கலக்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டும்.

சரி, இனி முக்கியமான விஷயம். பாலிமர் என்று வெளியிலிருந்து பார்க்க ஒரே துறையாகத் தெரியும், ஆனால் உள்ளே மூன்று விதமான வாழ்க்கை இருக்கிறது. மெஷின் பக்கம் நிற்பது ஒன்று, சோதனைக்கூடத்தில் தரம் பார்ப்பது ஒன்று, புதுப் பொருள் உருவாக்குகிற ஆராய்ச்சி ஒன்று. மூன்றுக்கும் படிப்பு வேறு, செலவாகிற வருடங்கள் வேறு. எந்தக் கோர்ஸ் நல்லது என்று என்னைக் கேட்பதற்கு முன்னால், இந்த மூன்றில் எங்கே நிற்கப் பிடிக்கும் என்று மகளைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் அது தப்பே இல்லை, ஆனால் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும், வீட்டு நிலைமை அப்படி என்றால் சிப்பெட். 1968ல் சென்னை கிண்டியில் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பெயரில் முன்பு பிளாஸ்டிக்ஸ் என்று இருந்தது, இப்போது பெட்ரோகெமிக்கல்ஸ் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எல்லோரும் சிப்பெட் என்றுதான் சொல்கிறார்கள். பி.எஸ்சி முடித்தவர்களுக்கு அங்கே பிளாஸ்டிக்ஸ் பிராசஸிங் அண்ட் டெஸ்டிங் என்று முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, 2 வருடம், நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். இன்ஜெக்‌ஷன் மோல்டிங், எக்ஸ்ட்ரூஷன், ப்ளோ மோல்டிங் (பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருளாக்குகிற முறைகள்) எல்லாம் கையால் தொட்டுப் பழகலாம், அது பல எம்.எஸ்சி துறைகளில் கிடைக்காது. மதுரையிலும் சிப்பெட் மையம் உண்டு, ஆனால் எல்லாப் படிப்பும் எல்லா மையத்திலும் கிடையாது, அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இது டிப்ளமோ, பட்டம் இல்லை. நாளைக்கு பிஎச்.டி செய்யணும், நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு) எழுதணும், கல்லூரியில் பாடம் எடுக்கணும் என்று ஆசை வந்தால் இதைக் காட்டி நுழைய முடியாது, திரும்பவும் எம்.எஸ்சியிலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு அந்த மனது பலருக்கு வருவதில்லை.

அடுத்து எம்.எஸ்சி. இங்கேதான் உங்கள் கவலையும் அவள் ஆசையும் மோதுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பாலிமருக்கென்றே ஒரு துறை இருக்கிறது, கேரளாவிலும் சில இடங்கள் உண்டு. பாடம் நல்ல பாடம். ஆனால் பட்டத்தில் வெறும் கெமிஸ்ட்ரி என்று இல்லாமல் பாலிமர் கெமிஸ்ட்ரி, பாலிமர் சயின்ஸ் என்று இருந்தால், அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு என்று வரும்போது "இது எம்.எஸ்சி கெமிஸ்ட்ரிக்குச் சமமா" என்று கேட்பார்கள். அதற்குச் சமநிலை அரசாணை இருக்க வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டப் பெயர் என்று எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்குப் போய் அரசாணை தேடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் சேருவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் அரசாணை எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை வராது" என்று வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

என் கட்சி என்ன என்றால், உங்கள் மகள் விஷயத்தில், நல்ல ஆய்வகம் உள்ள இடத்தில் சாதாரண எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி சேர்ந்து, பாலிமரை விருப்பப் பாடமாக எடுத்து, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைப் பாலிமரில் செய்வதுதான் சரி. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாலிமர் ஆராய்ச்சி நடக்கிறது (தோலுக்கும் பாலிமருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், தோலில் இருக்கிற கொலாஜன் என்கிற புரதமே பாலிமர்தான்). அந்த மாதிரி இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே எழுதிப் புராஜெக்ட் கேட்க வேண்டும். இப்படிப் போனால் உங்கள் பி.எட். கதவும் மூடாது, அவள் கதவும் திறந்திருக்கும்.

அதற்கு மேல் எம்.டெக். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் எம்.டெக் என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாலிமரில் அப்படி இல்லை. ஐஐடி டெல்லியின் பாலிமர் எம்.டெக், ஐஐடி கரக்பூரின் ரப்பர் டெக்னாலஜி, கொச்சின் பல்கலைக்கழகத்தின் (குசாட்) பாலிமர் டெக்னாலஜி மூன்றிலும் எம்.எஸ்சி கெமிஸ்ட்ரிக்காரர்கள் படித்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் பி.இ., பி.டெக் மட்டும்தான் என்று இருக்கும், விளக்கக் குறிப்பேட்டின் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். நுழைவதற்கு கேட் என்கிற அகில இந்தியத் தேர்வு. கெமிஸ்ட்ரி தாள் எழுதலாம், அல்லது எக்ஸ்இ என்கிற பொறியியல் அறிவியல் தாள் எழுதலாம். அதில் பொது அறிவுத்திறன் 15 மதிப்பெண், கணிதம் 15, மீதி 70க்கு இரண்டு பிரிவுகள் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒன்று பாலிமர். விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். மதிப்பெண் 3 வருடம் செல்லும். கேட் மூலம் ஐஐடியில் எம்.டெக் சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, விடுதிச் செலவுக்கு அப்பாவிடம் கையேந்த வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்றால் நெட் தேர்வு மூலம் கிடைக்கிற ஜேஆர்எஃப் என்கிற உதவித்தொகை. 2023லிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000. புனே தேசிய வேதியியல் ஆய்வகம், திருவனந்தபுரத்தில் விண்வெளி மையத்தின் பாலிமர் பிரிவு என்று பெயர்களைக் கேட்டாலே பிள்ளைகளுக்குக் கண் விரியும். விரியட்டும். ஆனால் அது ஐந்தாறு வருடப் பயணம், பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பரைப் பற்றியும் யோசிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக் என்று ஓட, டயர் கம்பெனிகள் நம் மாநிலத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எம்ஆர்எஃப் திருவொற்றியூர், அரக்கோணம், பெரம்பலூர் என்று வைத்திருக்கிறது. அப்பல்லோ ஒரகடத்தில், மிச்சிலின் தேர்வாய் கண்டிகையில், உங்களுக்குப் பக்கத்திலேயே மதுரை வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் டயர் இருக்கிறது. ரப்பர் காம்பவுண்டிங் என்பது கந்தகம், கார்பன் பிளாக் (வலுவூட்டுகிற கரித்தூள்), ஆக்சிலரேட்டர் (வேகுவதை வேகப்படுத்துகிற ரசாயனம்) எதை எவ்வளவு போட்டால் எத்தனை நிமிடத்தில் வேகும் என்கிற கணக்கு. முழுக்க கெமிஸ்ட்ரி, அவளுக்குப் பிடிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே இந்தியன் ரப்பர் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற டிப்ளமோ தேர்வையும் எழுதலாம், ரப்பர் கம்பெனிகளில் அதற்கு மதிப்பு உண்டு.

இரவு ஷிப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெஷின் பக்கம் போனால் ஷிப்ட் உண்டு, மறைப்பதற்கில்லை. சூடும் சத்தமும் இருக்கும், ரிஜெக்‌ஷன் (தரமில்லை என்று ஒதுக்குகிற பொருள்) கூடினால் சூப்பர்வைசர் திட்டும் கிடைக்கும். சோதனைக்கூடம், காம்பவுண்ட் டெவலப்மெண்ட், மோல்டு டிசைன் இவற்றில் பெரும்பாலும் பகல் வேலை, பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் இந்த முடிவை அவளுக்காக நீங்கள் எடுக்க வேண்டாம். மெஷின் ஓட்டப் பிடிக்கிறது என்று அவளே சொன்னால் விட்டுவிடுங்கள். முதல் சம்பளம் எந்தப் பக்கம் போனாலும் பெரிதாக இருக்காது, மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

வெளிநாடு, குறிப்பாக ஜெர்மனி, இப்போது வேண்டாம். அங்கே படிப்பு நல்லது, பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை, உண்மை. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், அதுவே பத்து லட்சத்தைத் தாண்டும். எம்.எஸ்சி முடித்துவிட்டு சம்பளத்தோடு பிஎச்.டிக்குப் போகலாமே, அச்சகத்தை அடமானம் வைத்து ஏன் போக வேண்டும்?

இதற்கிடையில் காசு செலவில்லாமல் ஒன்று செய்யலாம். மத்திய அரசின் ஸ்வயம் என்கிற இணையப் படிப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாலிமர் பாடம் ஏதாவது ஒன்றில் பதியச் சொல்லுங்கள். கற்பது இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். நான்கு வாரம் சலிக்காமல் பார்த்தாள் என்றால் அந்த ஆர்வம் கல்லூரியில் ஒருநாள் கேட்ட பேச்சோடு போகிறதில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒன்று, அவளுடைய மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். துணைப்பாடமாகக் கணிதம் படித்தாளா, இல்லை விலங்கியல், தாவரவியலா? சில கல்லூரிகளில் கெமிஸ்ட்ரிக்குக் கணிதமே இருக்காது. அப்படியென்றால் சில எம்.எஸ்சி சேர்க்கைகளில் தகுதியிலேயே தட்டிவிடும், எக்ஸ்இ தாளின் கணிதப் பகுதிக்கும் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். அதை மட்டும் பார்த்து எனக்குச் சொல்லுங்கள், எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதற்குத் தகுந்த மாதிரி எழுதி அனுப்புகிறேன்.