‘ஈ.ஆர்.’ தொடரில் ஒரே ஒரு எபிசோடு பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

1995 மார்ச்சில் வந்த ‘லவ்ஸ் லேபர் லாஸ்ட்’. முதல் சீசன்தான். 1994 முதல் 2009 வரை ஓடிய சிகாகோ மருத்துவமனைக் கதையில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்றும் இல்லை.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வருகிறாள். சிறுநீர்த் தொற்று என்று நினைத்து டாக்டர் கிரீன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். திரும்பி வரும்போது வலிப்பு. உண்மையில் அது ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, வலிப்பில் கொண்டுபோய்விடும் கர்ப்பகால நோய். குழந்தை பிழைக்கிறது, தாய் இல்லை. கடைசியில் ரயிலில் தனியாக உட்கார்ந்து கிரீன் அழுவார்.

நான் பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிரசவ வார்டு நர்ஸ். “லேசா தலை வலிக்குது சேச்சி” என்று யாராவது சொன்னால் போதும், முதலில் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்து அப்படியே நின்றால் நெஞ்சு பதறும். உடனே பி.பி. பார்ப்பேன். அந்த எபிசோடை மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் அழுதேன்.

அப்புறம், நேரம் இருந்தால் 1997இல் நேரலையாக நடித்த ‘ஆம்புஷ்’. அமெரிக்காவின் கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனியாக, ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள்.