வாசகர் கேள்வி: பழைய காருக்கு எந்த ஃபேன்?

கேள்வி: என் பழைய காரில் ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. நெரிசலில் நின்றால் சூடு முள் ஏறுகிறது. வண்டி ஓடும்போது இறங்கிவிடுகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் மாற்றலாமா? வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய டைனமோ.

பதில்: அவசரப்படாதீர்கள். ஓடும்போது சூடு இறங்குவதால் ரேடியேட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது (ஐட்லிங்கில்) காற்று போதவில்லை. முதலில் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியே வரவைக்கும் கூடு) இல்லையென்றால் பொருத்துங்கள். இறக்கைகளின் அகலத்தில் பாதி அதற்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே ஃபேன் சுற்றவிடும். பல கார்களில் இதோடு தொல்லை தீர்ந்துவிடும்.

உங்களுக்குச் சிக்கல் டைனமோதான். பழைய லூகாஸ் சி40-1 டைனமோ அதிகபட்சம் தருவதே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எலெக்ட்ரிக் ஃபேன் 10 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுப்பதும் அதே நேரத்தில்தான். ஹெட்லைட்டும் எரிந்தால் பேட்டரி இறங்கும். டைனமோவுக்குப் பதில், ஐட்லிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடாமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஆல்டர்னேட்டர் போட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாற்றினால், ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), பேட்டரி அருகே ஃபியூஸும் கட்டாயம். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் ஃபேனே நல்லது. ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறந்தால், ஃபேன் 92-இல் ஓடி 87-இல் நிற்கட்டும். அணையும் அளவை 82-க்குக் கீழே வைத்தால் அது நிற்கவே நிற்காது. பாசிட்டிவ் எர்த் வண்டியா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்ததா)? ஃபேன் தலைகீழாகச் சுற்றலாம். ரேடியேட்டர் முன் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டாமல் பறந்தால் ஃபேன் மோட்டாரின் இரு ஒயர்களையும் மாற்றிக் கொடுங்கள். ரேடியேட்டர் இடுக்கில் பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டுவது மட்டும் வேண்டாம்; அதிர்வில் டியூப் தேய்ந்து ஒழுகும்.