புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கில உதவி: பள்ளிக்குப் பணம் வருகிறதா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. மகன் இயர் 8 (செகண்டரி பள்ளியில் 12-13 வயது வகுப்பு) படிக்கிறான். ஊரில் இங்கிலீஷ் மீடியம்தான். இருந்தும் வகுப்பில் பேசுவது பிடிபடவில்லை என்கிறான். பள்ளியில் கேட்டால், தனி உதவிக்கு நிதி இல்லை என்கிறார்கள். அரசு பணம் தருகிறதாமே? டியூஷன் வைத்துவிடலாமா?

பதில்: பணம் வருகிறது. ஆனால் உங்கள் மகனுக்கென்று தனியாக எடுத்துவைக்கப்படுவதில்லை.

இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் தேசியக் கணக்கில், ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்கு (இங்கே ஈஏஎல் என்பார்கள்) ஒரு தொகை உண்டு. 2024-25இல் அது ஆரம்பப் பள்ளி மாணவருக்கு 590 பவுண்டு, செகண்டரி மாணவருக்கு 1,585 பவுண்டு. உள்ளூர் கவுன்சில் தன் கணக்கில் இதைச் சற்று மாற்றலாம். இங்குள்ள அரசுப் பள்ளிக் கல்விக்குள் வந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குத்தான் இது கிடைக்கும்.

தலையெண்ணிக்கை அக்டோபரில் நடக்கிறது. அதை வைத்து வரும் பணம் கவுன்சில் பள்ளிகளுக்கு அடுத்த ஏப்ரலிலிருந்து. அகாடமிகளுக்கு (கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளிகள்) இன்னும் தள்ளி, செப்டம்பரிலிருந்து. நவம்பரில் வந்து சேர்ந்த பிள்ளை அடுத்த அக்டோபரில்தான் கணக்கில் ஏறும். அதனால் ‘நிதி இல்லை’ என்று பள்ளி சொல்வது வெறும் சாக்காக இருக்க வேண்டியதில்லை. 2011 வரை இதற்கென்று தனி மானியம் இருந்தது. அதைப் பொது நிதியில் கலந்துவிட்டார்கள். இப்போது அந்தப் பணத்தில் கூரையைச் சரிசெய்தாலும் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், அன்று செய்தது தப்பான வேலை.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? முதலில் சேர்க்கைப் படிவத்தைப் பாருங்கள். ‘முதல் மொழி’ என்ற இடத்தில் நம்மவர்கள் பலர் ‘இங்கிலீஷ்’ என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழ் செட்டில் (திறன்வாரியாகப் பிரிக்கும் பாடக் குழு) தள்ளிவிடுவார்களோ என்ற பயம். அப்படிப் போட்டிருந்தால் அந்தக் கணக்கில் உங்கள் பையனே இல்லை. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அக்டோபருக்குள் திருத்திவிடுங்கள்.

அப்புறம், ‘அந்தப் பணம் எங்கே?’ என்று ஆரம்பிக்காதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஈஏஎல் பொறுப்பாளர் யார், அவனுடைய ஆங்கிலத்தை எந்த நிலையில் மதிப்பிட்டிருக்கிறார்கள், எந்தப் பாடத்தில் என்ன உதவி, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். A முதல் E வரை ஐந்து நிலைகள் உண்டு. A புதிதாகத் தொடங்குபவர், E சரளமானவர். அரசு இந்த விவரத்தைச் சேகரிப்பதை 2018இல் நிறுத்திவிட்டது, ஆனாலும் பல பள்ளிகள் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. மதிப்பீடே செய்யவில்லை என்றால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்ல வேண்டும்.

காசில்லாமலே செய்யக்கூடியதும் நிறைய. அறிவியல் பாடத்தின் முக்கியச் சொற்களை முதல் நாளே கொடுத்தனுப்பலாம். நிதானமாகப் பேசும் ஒரு பையன் பக்கத்தில் உட்காரவைக்கலாம். பெல் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை ஆசிரியர்களுக்கான பாடப் பொருள்களை இலவசமாகவே தருகிறது. குறிப்பிட்டுச் சொன்னால் மறுப்பது கடினம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆங்கிலம் வரவில்லை என்பதற்காகவே அவனைச் சிறப்புத் தேவைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டு மொழி வேறு என்பது மட்டுமே கற்றல் குறைபாடு ஆகாது என்று 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டமே சொல்கிறது.

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம். இலக்கணம் அவனுக்குத் தெரியும். பழகாதது லெஸ்டர்க்காரர்களின் பேச்சு வேகம். மதிய இடைவேளையில் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் தமிழே பேசுங்கள். ஒரு டெர்ம் பார்த்தும் பள்ளியிலிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், தலைமையாசிரியருக்கும் அதன் பிறகு கவர்னர்களுக்கும் (பள்ளி நிர்வாகக் குழுவினர்) முறையாகப் புகார் எழுதலாம். அதற்கான நடைமுறை பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும்.